மேழிக்குப் பார்த்த அளவு ஸ்டீயரிங்குக்கு வேண்டாமா?

காரோ, லோடு வண்டியோ, டிராக்டரோ... சீட்டையும் ஸ்டீயரிங்கையும் உடம்புக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளும் முறை

மர ஏரில் உழுத காலத்தில், புது ஏர் செய்யச் சொன்னால் ஆசாரி கேட்கும் முதல் கேள்வி, "உழப்போறது யாரு?" என்பதாகத்தான் இருக்கும். உழுகிறவரை நிற்க வைத்து, அவர் கை எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேழியை இழைப்பார். மேழி குட்டையாகிப் போனால் ஒரு வயலை முடிப்பதற்குள் முதுகு வளைந்துவிடும். நெட்டையாகிப் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். மாட்டுக்கும் அப்படித்தான். நுகத்தடி உரசிக் கழுத்தில் புண் வந்துவிட்டால், அது ஆறும்வரை ஏரில் பூட்ட மாட்டார்கள்.

ஏர் போய் டிராக்டர் வந்தது. மாட்டு வண்டி போய் லோடு ஆட்டோவும் காரும் வந்தன. கருவி பெரிதானது, அளவு பார்க்கும் பழக்கம் மட்டும் வழியில் எங்கோ விடுபட்டுப் போனது. வண்டி வாங்கிய நாளில் சீட் எந்த இடத்தில் இருந்ததோ, பத்து ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பல டிராக்டர்களில் சீட்டுக்கு அடியில் இருக்கும் லிவரை இழுத்துப் பார்த்தால் அசைவதே இல்லை. சேறும் துருவும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. சிலவற்றில், சீட்டின் மேல் போட்டு வந்த பாலித்தீன் உறைகூடக் கழற்றப்படாமல் கிழிந்து தொங்குகிறது.

இதன் விளைவு நாற்பது வயதுக்குள் தெரிந்துவிடுகிறது. இடுப்புப் பிடிப்பு, கழுத்து வலி, இரவில் மரத்துப்போகும் கைகள். "டிராக்டர் ஓட்டுறவனுக்கு முதுகுவலி சகஜம்ணே" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் அது இயல்பான விஷயமாகிவிட்டது. சொந்த வண்டி வைத்திருப்பவராவது ஒரு வாரம் படுத்துக் கிடக்கலாம். கூலிக்கு ஓட்டுபவர் நடவு சீசனில் பத்து நாள் படுத்தால், அந்த வருடத்தின் பாதி வருமானம் போய்விடும். இந்த வலியில் ஒரு பங்கு வண்டியின் அதிர்வால் வருவது. அதை முழுவதும் தவிர்க்க முடியாது. இன்னொரு பங்கு, உட்காரும் விதத்தால் வருவது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

ஒரு கார், இரண்டு ஓட்டுநர்கள்

இன்றைக்குக் கிராமங்களில் பழைய கார் வாங்கும் குடும்பங்கள் நிறைய. அப்பா ஐந்தே கால் அடி, மகன் ஆறடி. இருவரும் ஒரே காரை ஓட்டுவார்கள். மகன் ஓட்டி நிறுத்திய வண்டியில், விடியற்காலையில் அப்பா ஏறுவார். கிளட்ச் எட்டாது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வருவார். மறுநாள் மகன் ஏறும்போது, அப்பா நகர்த்தியிருந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். காலை அகட்டிக்கொண்டு ஓட்டுவார். இருவருக்குமே இது தவறு என்று தெரியும். ஆனால், பக்கத்து ஊருக்குப் போவதற்கு எதற்கு இதெல்லாம் என்ற நினைப்பு.

சரியான நிலையைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சீட், அடுத்து சாய்மானம், அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங், கடைசியில் கண்ணாடிகள். வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெட்டுவிடும். பலர் செய்யும் பிழை, ஏறியவுடன் கண்ணாடியைத் திருப்புவது. உட்காரும் இடமே முடிவாகாதபோது கண்ணாடியைத் திருப்பி என்ன பயன்?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பர்ஸ் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் அப்படியே ஓட்டினால் வலி காலுக்கு இறங்கும். பிறகு, இடுப்பு சீட்டின் பின்மூலையில் போய் ஒட்டும்படி நன்றாகத் தள்ளி உட்கார வேண்டும். இந்த நிலையில் இடது காலால் கிளட்சை அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டுவிட்டால் சீட்டை முன்னே தள்ள வேண்டும். முழங்கால் அதிகமாக மடங்கி மேலே தூக்கினால் பின்னே. பிரேக்கையும் அதேபோல் அழுத்திப் பார்க்க வேண்டும். அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்க வேண்டியது அதுதான்.

உயரம் மாற்றும் வசதி சீட்டில் இருந்தால், சாலையும் பானெட்டின் மேல்பகுதியும் நன்றாகத் தெரியும்படி உயர்த்திக்கொள்ளலாம். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

சாய்மானம் சுவர்போல் நேராக நிற்கவும் கூடாது, சாய்வு நாற்காலிபோல் படுக்கவும் கூடாது. நேர் செங்குத்திலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் போதும். கணக்கில் சொன்னால் 100 முதல் 110 டிகிரி. இளைஞர்கள் பலர் சாய்ந்து படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறார்கள். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கிறது. திடீரென்று குறுக்கே ஆடு வந்தால், முதுகைச் சீட்டிலிருந்து பிரித்து எழுந்துதான் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும். அந்த அரை நொடிக்குள் ஆடு அடிபட்டுவிடும்.

மணிக்கட்டு சொல்லும் கணக்கு

இனி ஸ்டீயரிங். பெரும்பாலான புதிய கார்களில் ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில், கையை விட்டுத் துழாவினால் ஒரு சிறிய லிவர் தட்டுப்படும். அதை விடுவித்தால் ஸ்டீயரிங் மேலும் கீழும் நகரும். சில உயர்ரக மாடல்களில் நம்மை நோக்கி இழுக்கவும், டாஷ்போர்டு பக்கம் தள்ளவும் முடியும். இரண்டுக்கும் ஒரே லிவர்தான் இருக்கும். வாங்கி நான்கைந்து வருடங்களாகியும் இப்படி ஒரு லிவர் இருப்பதே தெரியாமல் ஓட்டுபவர்கள் உண்டு. விற்பவர்கள் பாட்டு கேட்கும் கருவியைப் பற்றி அரை மணி நேரம் விளக்குகிறார்கள். இதை யாரும் காட்டிக் கொடுப்பதில்லை.

தோள் இரண்டும் சாய்மானத்தில் ஒட்டியிருக்க, ஒரு கையை நேராக நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு அந்த வளையத்தின் மேல் படிந்தால் தூரம் சரி. உள்ளங்கையோ விரல்களோ மட்டும்தான் எட்டுகிறது என்றால் ஸ்டீயரிங் தொலைவில் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே உள்ள சதை படிகிறது என்றால் மிக அருகில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை முன்பின் நகர்த்தும் வசதி இல்லாத காரில், சாய்மானத்தை ஓரிரு பல் நிமிர்த்தியோ சாய்த்தோ இந்தத் தூரத்தைக் கொண்டுவரலாம். அதன்பிறகு கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களில் கைகளை வைத்தால், முழங்கைகள் இரண்டும் இயல்பாக மடங்கி நிற்கும்.

உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு. தொடைக்கும் வளையத்துக்கும் நடுவே கை தாராளமாக நுழைய வேண்டும். வளையத்தின் இடைவெளி வழியாக வேகமானியும் எச்சரிக்கை விளக்குகளும் மறைக்காமல் தெரிய வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய இடத்தில் லிவரை அழுத்திப் பூட்டிவிட்டு, வளையத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது நல்லது. ஆட்டம் இருந்தால் லிவர் முழுதாகப் பூட்டவில்லை என்று அர்த்தம். ஓடும் வண்டியில் இந்த லிவரைத் தொடவே கூடாது. நடுச்சாலையில் ஸ்டீயரிங் மடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நடுப்பகுதி நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் ஏர்பேக். 2019 ஜூலை 1-ம் தேதி முதல், இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஸ்டீயரிங் நடுவில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று பொறித்திருக்கும். பலமாக மோதினால், கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த மூடியைப் பிளந்துகொண்டு பை வெடித்து விரியும். அது விரிவதற்கு இடம் வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், அதாவது 10 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். நுனியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டும் அந்த அப்பாவுக்கு அரைச் சாண் இடைவெளிகூட இருக்காது. காப்பாற்ற வந்த பையே அவருடைய நெஞ்செலும்பை முறித்துவிடக்கூடும். சீட் பெல்ட் போடாவிட்டாலும் இதே கதிதான். பை விரிவதற்கு முன்பே உடம்பு முன்னால் போய்விடும்.

கைகளை 10 மணி, 2 மணி நிலையில் வைக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தது பழைய முறை. ஏர்பேக் உள்ள வண்டியில் 9, 3 தான் பாதுகாப்பு. வளையத்தின் உச்சியைக் குறுக்கே பிடித்திருந்தால், விரியும் பை அந்தக் கையை முகத்தில் கொண்டுவந்து அடிக்கும். ஸ்டீயரிங் நடுவில் ஸ்டிக்கர், உலோகச் சின்னம், கடவுள் படம் எதையும் ஒட்டக் கூடாது. இடதுபக்க டாஷ்போர்டின் மேல்பகுதியும் அப்படித்தான். அங்கே இன்னொரு ஏர்பேக்கின் மூடி இருக்கலாம். பிள்ளையாரை நடுவில், மூடியைவிட்டுத் தள்ளி வைத்தால் அவருக்கும் நல்லது, உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லது.

பஞ்சுபோல் உப்பிய ஸ்டீயரிங் உறைகள் சந்தையில் நிறைய விற்கின்றன. கை வியர்த்தால் அவை வளையத்தின் மேல் தனியாகச் சுழலும். உறை வேண்டுமென்றால், மெல்லியதாக, இழுத்துத் தைத்த உறையே ஏற்றது.

கடைசியாக, தலைக்குப் பின்னால் இருக்கும் ஹெட்ரெஸ்ட். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது அடியிலேயே கிடந்து, கழுத்தைத்தான் தொடுகிறது. பின்னால் இருந்து ஒரு லாரி மோதினால், தலை அதன் மேல் மடங்கிக் கழுத்து முறியும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் படாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். கர்ப்பிணிகள் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் இறக்கிப் போட்டு, பெடல் எட்டும் அளவுக்குச் சீட்டைப் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை வயிற்றைப் பார்க்காதபடி சாய்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகு, சீட் நகரும் தண்டவாளத்தில் அப்பாவின் இடத்துக்கு ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட், மகனின் இடத்துக்கு ஒரு சொட்டு சிவப்பு பெயின்ட் வைத்துவிட்டால் போதும். மறுநாளிலிருந்து யார் ஏறினாலும் பத்து நொடி வேலைதான்.

லோடு வண்டியும் மலைப்பாதையும்

காய்கறி, பூ ஏற்றிப் போகும் சிறிய லோடு வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டீயரிங் அசையாது. சீட்டும் சாய்மானமும் நகர்வது சொற்பம். இங்கே செய்ய முடிந்தது இரண்டுதான். சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கிப் பள்ளமாகியிருந்தால், கெட்டியான ஸ்பாஞ்ச் போட்டு மாற்றுவது. இடுப்பு வளைவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வது. தலையணையை முதுகுக்குப் பின்னால் திணிப்பது தவறு. அது உடம்பையே முன்னால் தள்ளிவிடும். ஸ்டீயரிங் தண்டை வெட்டி, வெல்டிங் வைத்து, உயரம் மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளின் பக்கமே போகக் கூடாது. அந்தத் தண்டில் உயிரே தொங்குகிறது.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் அன்னாசியும் ஏற்றி இறங்கும் ஓட்டுநருக்கு, உட்காரும் நிலை சரியா தவறா என்பது முதல் நாலு வளைவிலேயே தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது தோள் சாய்மானத்தைவிட்டுப் பிரிந்து முன்னால் வந்தால், சீட் தொலைவில் இருக்கிறது. முழங்கை விலாவில் இடித்தால் அருகில் இருக்கிறது.

டிராக்டருக்குத் தனிக் கணக்கு

கார் சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் இருக்கின்றன. நம் ஊர் டிராக்டரில் பின் அச்சு நேராக உடம்போடு பூட்டியது. குலுக்கலைத் தாங்குவது டயரில் இருக்கும் காற்றும், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக வரும் அதிர்வில்தான் அதிகம் பாதிக்கப்படும். அந்த வேகத்தில் குலுங்கினால் முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் சேர்ந்து கூடுதலாக ஆடும். கரடு வயலில் டிராக்டர் குலுங்குவது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். அதனால்தான், பேருந்தில் எட்டு மணி நேரம் போவதைவிட ரோட்டவேட்டரில் மூன்று மணி நேரம் உட்காருவது உடம்பை அதிகம் அடிக்கிறது.

ஸ்பிரிங் உள்ள சீட்டில், ஓட்டுபவரின் எடைக்கு ஏற்றபடி இறுக்கத்தை மாற்றும் குமிழோ கைப்பிடியோ இருக்கும். பக்கத்தில் கிலோ கணக்கும் குறித்திருப்பார்கள். 85 கிலோ உரிமையாளருக்கு வைத்த இறுக்கத்தில், 55 கிலோ ஓட்டுநர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். தலைகீழாக இருந்தால், ஒவ்வொரு வரப்பிலும் சீட் அடியில் போய் 'டக்' என்று தட்டும். அந்த அடி நேராக முதுகெலும்புக்குத்தான் போகும். உட்கார்ந்தவுடன், சீட் தன் முழு அசைவில் பாதி அளவு இறங்கினால் சரியான இறுக்கம். சீட்டின் மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்காருவதால் குலுக்கல் குறையாது. உயரம்தான் மாறும், கால் வழுக்கும்.

முன்பின் நகர்த்தும் லிவர் இறுகியிருந்தால், மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் மெதுவாக அசைத்து, சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். சேற்றுழவு முடிந்ததும் இங்கேயும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, கிரீஸ் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் மீண்டும் இறுகாது.

சீட்டின் தூரத்தைக் கிளட்சை வைத்தே முடிவு செய்ய வேண்டும். முதுகு சாய்மானத்தில் இருக்கும்போதே கிளட்ச் அடிவரை போக வேண்டும். சீட் மிக முன்னால் இருந்தால், காலை வைக்க இடமில்லாமல் கிளட்ச் பெடல் மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒரு பெரிய காரணம். சீட்டைத் தள்ளிவைக்கச் சோம்பல்பட்டவர்கள், பட்டறையில் டிராக்டரை இரண்டாகப் பிரித்துப் போட்டு, ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். வலதுகாலுக்கும் கணக்கு உண்டு. சாலையில் போகும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைத்த பெடலைக் கால் நடுவில் மிதிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஸ்டீயரிங்கைச் சாய்க்கும் வசதி சில புதிய மாடல்களில் வந்திருக்கிறது. மற்றவற்றில் அது அசையாது. சீட்டைத்தான் அதற்கு ஏற்றபடி கொண்டுபோக வேண்டும். பிடிக்கும் விதம் இங்கே முக்கியம். பவர் ஸ்டீயரிங் இல்லாத டிராக்டரில், முன்சக்கரம் கல்லிலோ வரப்பிலோ மோதினால் வளையம் சட்டென்று எதிர்ப்பக்கம் சுழன்று திரும்பும். கட்டைவிரல் வளையத்தின் உள்பக்கம் இருந்தால், குறுக்குக் கம்பி வந்து அடித்து விரல் முறிந்துவிடும். கட்டைவிரலை மடக்கி உள்ளே விடாமல், வளையத்தின் மேலேயே மற்ற விரல்களோடு படுக்க வைத்துப் பிடிப்பது பழகிய ஓட்டுநர்களின் வழக்கம். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்தான் இளைஞர்கள் கட்டைவிரலில் கட்டுப்போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

காரில் இல்லாத இன்னொரு வேதனை, பின்னால் திரும்பிப் பார்ப்பது. கலப்பை சரியாக இறங்குகிறதா, சால் கோணுகிறதா என்று பார்க்க, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கழுத்தும் இடுப்பும் முறுக்கிக்கொள்கின்றன. பெரும்பாலோர் ஹைட்ராலிக் லிவர் இருக்கும் வலதுபக்கமே திரும்புவார்கள். வலி வருவதும் அநேகமாக ஒரே பக்கம்தான். இருபுறமும் நல்ல அகலமான கண்ணாடி மாட்டினால், பாதி முறை திரும்பாமலே பார்த்துக்கொள்ளலாம். திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு கையால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மட்டும் ஒடிக்காமல் தோளோடு சேர்த்துத் திரும்ப வேண்டும்.

மட்கார்டு பிடித்துக்கொள்வதற்குத்தான், உட்காருவதற்கு இல்லை. வயலிலிருந்து திரும்பும்போது பிள்ளைகளையும் கூலி ஆட்களையும் மட்கார்டில் ஏற்றி வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு பள்ளத்தில் குலுங்கினால், அவர்கள் விழும் இடம் பின்சக்கரத்துக்கு முன்னால்தான். டிராக்டரில் சீட் ஒன்றுதான். ஏறுவதும் ஒருவர்தான் என்பதை வீட்டுக்கு வீடு கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் கவிழ்வு தடுக்கும் இரும்புச் சட்டம் உள்ள டிராக்டர் என்றால், சட்டத்தை நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட் போட்டே ஓட்ட வேண்டும். மரக்கிளைக்காகச் சட்டத்தை மடித்து வைத்திருக்கும்போதும், சட்டமே இல்லாத டிராக்டரிலும் பெல்ட் போடக் கூடாது. கவிழ்ந்தால் தப்பிக் குதிக்க வழியில்லாமல் அடியில் சிக்கிவிடுவார்கள். இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை.

இறங்கும்போது குதிக்கக் கூடாது. மூன்று மணி நேரம் குலுங்கிய முதுகெலும்பு தளர்ந்து போயிருக்கும். குதிக்கும் அதிர்ச்சியிலோ, இறங்கியவுடன் உர மூட்டையைத் தூக்கும்போதோதான் டிஸ்க் பிதுங்குவது நடக்கிறது. டிராக்டரைப் பார்த்தபடி பிடித்து இறங்கி, பத்து நிமிடம் நடந்த பிறகு மூட்டையைத் தொடலாம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், அதற்குள் வந்த ஓட்டுநர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வையும் சொன்னது. இரவு விளக்குப் போட்டு உழும் நம் டிராக்டர் ஓட்டுநர்களுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. வாடகைக்கு விடுபவர்களாவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கி, ஒரு டீ குடிக்க விடலாம்.

ஸ்டீயரிங் தரும் முன்னறிவிப்பு

அளவு சரியாக இருந்தும் கை வலிக்கிறது என்றால், குறை வண்டியில் இருக்கலாம். நேராகப் போகும்போது வளையம் கோணலாக நின்றால், சக்கர அலைன்மென்ட் மாறியிருக்கிறது. வண்டி ஒருபக்கம் இழுத்தால், முதலில் டயரின் காற்றைப் பார்க்க வேண்டும், பிறகுதான் மெக்கானிக். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் நடுங்கினால், சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்ய வேண்டும். டிராக்டரில் வளையத்தைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாமல் அதிகமாக விளையாடினால், பால் ஜாயின்ட், கிங் பின் தேய்மானத்தைச் சோதிக்க வேண்டும். கரும்பு லோடு இழுக்கும் காலத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. லோடு ஏறிய டிரெய்லரோடு சாலைக்கு வந்தபின் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

வழக்கமாக வரும் கேள்விகள்

'மகள் கார் ஓட்டப் பழகுகிறாள். உயரம் குறைவு. குஷன் போட்டு உட்காரலாமா?'

போடலாம். அமுங்காத, நழுவாத, சீட் முழுவதும் பரவும் குஷனாக இருக்க வேண்டும். உயர்ந்த பிறகும் கிளட்ச் அடிவரை எட்டுகிறதா, பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடாமல் இருக்கிறதா, 25 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தாவிட்டால், சீட்டை உயர்த்தும் வசதியுள்ள காரில் பழகுவதே சரி.

'சாவியைப் போட்டால் திரும்பவில்லை, ஸ்டீயரிங்கும் இறுகிவிட்டது. பழுதா?'

பழுதில்லை. திருட்டைத் தடுக்கும் பூட்டு விழுந்திருக்கிறது. வளையத்தை இடமோ வலமோ லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் திறந்துவிடும். சாவியை முறுக்கி உடைத்துவிடக் கூடாது.

'இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டினால் டீசல் மிச்சமாகுமே?'

பவர் ஸ்டீயரிங்குக்கு உதவி கிடைப்பது இன்ஜின் ஓடும்போதுதான். அணைத்தவுடன் வளையம் கல்லாகக் கனக்கும். பிரேக்கும் ஓரிரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிட்டால், மேலே சொன்ன பூட்டும் விழும். மிச்சமாகும் டீசல் ஒரு டீக்குக்கூடக் காணாது.

'டிராக்டர் ஸ்டீயரிங்கில் கைப்பிடிக் குமிழ் மாட்டலாமா?'

பவர் ஸ்டீயரிங் உள்ள டிராக்டரில், வயல் முனையில் அடிக்கடி திருப்பும் வேலைக்கு அது உதவும். பவர் ஸ்டீயரிங் இல்லாததில் வேண்டாம். வளையம் திரும்பிச் சுழலும்போது, குமிழ் மணிக்கட்டில் அடிக்கும்.

'எல்லாம் சரிசெய்தும் வலி போகவில்லை.'

இரண்டு வாரம் பார்த்தும் குறையாவிட்டால், அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்ட வேண்டும். வலி காலுக்கு இறங்குவது, பாதம் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவிவிடுபவரிடம் போய்க் கால தாமதம் செய்யும் வேளை அல்ல அது.

'புது டிராக்டர் வாங்கப் போகிறோம். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?'

உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. இன்ஜின் சக்தி, டீசல் செலவு மட்டுமல்லாமல், ஸ்டீயரிங், சீட், மட்கார்டு போன்ற இடங்களில் எவ்வளவு அதிர்வு இருக்கிறது என்பதையும் அளந்து எழுதியிருப்பார்கள். அளவு கூடுதலாக இருக்கும் இடங்களைக் குறித்தும் இருப்பார்கள். வாங்க நினைக்கும் மாடலின் சோதனை அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ள தென்மண்டல நிலையத்தில் டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் பயிற்சி தருகிறார்கள். தமிழகத்தில், அந்தந்த உட்கோட்டத்தில் இருக்கும் வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடைக்குப் போகும்போது, ஓட்டப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போய், சீட்டில் உட்கார வைத்து, கிளட்சை அடிவரை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.